தேனிலவுத் தம்பதிக்கு ஜன்னல் கிடையாது

ஜன்னல்காரர் தம் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய்கள் மொத்தம் மூன்று. முதல் இரண்டும் வாடிக்கையாளர்களிடம் வழக்கமாகச் சொல்வன: "செவ்வாய்க்கிழமை கண்டிப்பா வந்து மாட்டிடுறேன்" என்பதும், "இந்த மரம் உளுக்கவே உளுக்காது" என்பதும். மூன்றாவது பொய்யை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. கைப்பேசியில் ஒரு கட்டத்தைத் தொட்டார், அவ்வளவுதான். தாமும் தம் மனைவியும் தேனிலவுக்குப் போகிறோம் என்று அது பதிவாகிவிட்டது.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. மனைவிக்கு ஐம்பத்திரண்டு. கல்யாணமாகி முப்பது வருஷம். இதில் இருபது வருஷம் அவர் இழைத்த மரத்தூளை அந்த அம்மாள் கூட்டினாள். அந்தத் தூளோ வேறெதுவோ, இப்போது நான்கு சொல் சேர்ந்தாற்போல் பேசினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் நாள் கொடுத்திருந்தார். அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். "முந்தின நாள் இழுப்பு வந்திருந்தா டெஸ்ட் எடுக்க மாட்டோம். அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுத்தான்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். நான்கு மாதம் தாங்குமா என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஆகவே ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஓர் அறை வேண்டும். காற்று வர ஒரு ஜன்னல் வேண்டும். இந்த உலகத்தில் அவர் கேட்டது அவ்வளவே.

மனைவியின் தம்பிக்குச் 'சலுகை' என்று பட்டப்பெயர். அவன் செருப்பைக்கூட முழு விலைக்கு வாங்கியதில்லை. அவன்தான் மலிவு விலையில் அறை பிடித்துத் தரும் ஓர் இணையத் தளத்தைக் கைப்பேசியில் திறந்து கொடுத்தான்.

"மாமா, மலிவா புக் பண்றவனுக்கு லிஃப்ட் பக்கத்துல இருக்கிற மட்டமான ரூமைத்தான் தள்ளுவானுங்க. நல்ல ரூம் வாங்கறது ஒரு கலை. கவுண்டர்ல இருக்கிறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். சிரிக்கணும். முக்கியமா, 'சிறப்புக் கோரிக்கை'ன்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதைச் சும்மா விடக்கூடாது."

அந்த இடத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பிறந்தநாள், தேனிலவு, பதவி உயர்வு, செல்ல நாய். நோய் என்று எதுவும் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்றிருந்தது. அதைத் தொட்டதும், 'மற்றவை கவனிக்கப்படமாட்டா' என்று ஒரு வரி வந்து போனது.

"தேனிலவைப் போடுங்க மாமா. தேனிலவுன்னா கண்ணை மூடிக்கிட்டு ஜன்னல் ரூம் குடுப்பான்."

"உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"சந்தோஷப்படும்."

ஆழம் தெரியாமல் காலை விட்டார் ஜன்னல்காரர்.

ஹோட்டல் வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது பகல் இரண்டு மணி. மனைவி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தாள். அதுவரை அவர் வழக்கம்போலத் தலையை நிமிர்த்திக் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணினார். தையல்காரர் எதிரே வருகிறவரின் சட்டையைப் பார்ப்பார், இவர் ஜன்னலைப் பார்ப்பார். நான்கு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு சன்ஷேடு, பன்னிரண்டின் கீழும் ஜன்னல். நான்காவது மாடியில் மட்டும் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் மங்கலாக இருந்தது. துடைக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தார்.

உள்ளே இரண்டு கவுண்டர்கள். ஒன்றின் முன் கம்பளமும் நாற்காலிகளும் இருந்தன, ஆள் இல்லை. மற்றொன்று பெட்டி எடைபோடும் கருவிக்குப் பக்கத்தில், நாற்காலி இல்லாமல், ஒன்பது பேருடன் இருந்தது. முதலாவதில் 'எங்கள் விருந்தினர்' என்றும், இரண்டாவதில் 'தளத்தின் விருந்தினர்' என்றும் பலகை. மனைவியைக் கம்பளத்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரு காவலர் வந்து, அது எங்கள் விருந்தினருக்கான நாற்காலி என்று மிகுந்த மரியாதையோடு அவளை எழுப்பிவிட்டார்.

வரிசை நகர்ந்து முறை வந்தது. மைத்துனன் சொன்னபடி பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று கவுண்டர் பெண்ணின் சட்டையில் இருந்த வில்லையைப் பார்த்தார். அதில் 'மகிழ்ச்சியுடன்' என்று மட்டும் இருந்தது. ஆகவே சிரித்தார்.

"வாழ்த்துகள் சார்! தேனிலவு ஜோடியா?" என்றாள் அவள், அவரைத் தாண்டி யாரையோ தேடியபடி.

"ஆமாம்மா."

"மேடம் எங்க?"

பெட்டிமேல் உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டினார். கவுண்டர் பெண்ணின் முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அதற்குத்தான் பயிற்சி.

"நானூத்தி ஏழு. சாயங்காலம் அஞ்சரைக்குக் கேக் வரும்."

"கேக் வேண்டாம்மா. ஜன்னல் இருக்குமா?"

"திரை இருக்கும் சார்."

நானூற்று ஏழின் கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அறைந்தது. கட்டில் முழுக்க ரோஜா இதழ். நான்கு மூலையிலும் வாசனை மெழுகுவத்தி. துண்டை முறுக்கிச் செய்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. பத்துத் திருமண மண்டபத்துக்கு ஆகும் அத்தரை அந்தப் பத்தடி அறையில் அடித்திருந்தார்கள். பூவென்றாலே ஆகாத அந்த அம்மாள், வைத்த காலை வெளியே எடுத்து, தாழ்வாரச் சுவரோடு சாய்ந்து, பையிலிருந்த மருந்தை வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தாள்.

"ஏங்க... இது... யாருக்கு?"

"நமக்குத்தான்" என்றார் ஜன்னல்காரர். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. விவரத்தைச் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு மூச்சு போதவில்லை என்பதுதான் அவருக்கு அதைவிடப் பெரிய வேதனை.

அவளைத் தாழ்வாரத்தில் பெட்டிமேல் உட்காரவைத்துவிட்டுக் கீழே ஓடினார்.

"நீங்க எங்க விருந்தினர் இல்லை சார். தளத்தோட விருந்தினர். எங்ககிட்ட தங்குறீங்க, அவ்வளவுதான். அறை மாத்தறதைத் தளத்துகிட்ட கேளுங்க" என்றாள் மகிழ்ச்சியுடன்.

தளத்துக்குப் போன் போட்டார். ஒரு குரல் இனிமையாகச் சொன்னது: "உங்க கோரிக்கை எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார். முக்கியம்கிறதாலதான் அதைக் கோரிக்கையாவே வெச்சிருக்கோம். அறை மாத்தறது ஹோட்டலோட முடிவு."

"ஹோட்டல்காரங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

"அவங்க அப்படித்தான் சார் சொல்லுவாங்க. நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம்."

"சரி, ரத்துப் பண்ணிடுங்க. வேற இடம் பாத்துக்கறேன்."

"ரத்துக் கிடையாது சார். ரத்துப் பண்ண முடியாதுங்கிறதுதானே சலுகை."

வேறு இடமும் இல்லைதான். ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த விடுதியெல்லாம் நோயாளிகளின் சொந்தக்காரர்களால் நிரம்பி வழிந்தது. அடுத்த தெருவரை நடக்க அவளால் ஆகாது. பந்தாய் உதைபட்ட பிறகு, 'விருந்தினர் அனுபவ மேலாளர்' என்று எழுதிய கதவைத் தட்டினார்.

மேலாளரின் முதுகுக்குப் பின்னால் அவர் உயரத்துக்கு ஒரு ஜன்னல். நல்ல தேக்கு, நேர்த்தியான வேலை. அது இறுக மூடப்பட்டு ஏசி ஓடியது.

"உக்காருங்க சார். அனுபவம் எப்படி இருக்கு?"

"என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டுது. காத்தோட்டமா ஒரு அறை வேணும். காலி இருக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு. மூணாவது மாடியில மட்டும் பதினொன்னு இருக்கு."

"அப்ப ஒண்ணு குடுங்க."

மேலாளர் பரிவோடு சிரித்தார். "சார், காலியா இருக்கிறது வேற, கிடைக்கிறது வேற. பொதுமக்கள் இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க. காலி அறை சும்மா கிடக்கலை சார், காத்துக்கிட்டிருக்கு. முழுக் கட்டணம் குடுக்கிற ஒருத்தர் இப்ப வரலாம். வரமாட்டார். ஏழு மாசமா வரலை. ஆனா வரலாம் பாருங்க, அந்த 'வரலாம்'தான் எங்க தொழிலே. அந்த இடத்துல உங்களை உக்கார வெச்சுட்டா, வராத அந்த மனுஷருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வந்திருக்கிற மனுஷிக்கு மூச்சு விட முடியலைங்க."

மேலாளர் கணினியைப் பார்த்தார். "நீங்க தேனிலவுன்னு குடுத்திருக்கீங்க. தேனிலவுல மூச்சு வாங்கறது எங்க கணக்குல குறையா வராது சார்."

"அது பொய்ங்க. நோயின்னு போட இடமே இல்லை, அதனால அப்படிப் போட்டேன். அந்தத் தேனிலவை எடுத்துட்டு, பூவையாவது வெளியே கொட்டச் சொல்லுங்க."

"பொய்யின்னு நீங்க சொல்றீங்க. உண்மைன்னு உங்க கைப்பேசி சொல்லுது. நான் எதை நம்பறது?" என்று கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். "இருந்தாலும் வழி இருக்கு. தேனிலவு ரத்துப் படிவம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

படிவத்தில் 'பிரிவுக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கீழே, சமரச முயற்சி நடந்ததா, ஆம் எனில் எத்தனை முறை என்று இன்னொன்று. ஜன்னல்காரர் முதல் கட்டத்தில் 'ரோஜா' என்று எழுதினார். இரண்டாவதில் 'நடக்கவில்லை' என்று எழுதினார். நான்காவது மாடிக்குப் போய் மனைவியிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். கையெழுத்துப் போடுமுன் நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பது வருஷம்... பொறுத்தது... இதுக்கா?"

சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் இழுப்பாக மாறப் பார்த்தது. அவள் கையெழுத்து காகிதத்தைவிட்டு வழிந்து இறங்கியிருந்தது. அதை அவர் பிறகுதான் கவனித்தார்.

படிவத்தை மேலாளர் பெற்றுக்கொண்டார், முத்திரை வைத்தார். "மூணு வேலை நாள்ல முடிவு வந்துடும். அதுவரை நீங்க தேனிலவு ஜோடிதான்."

"நாளைக்குக் காலையில நாங்க போயிடுவோமே?"

"வீட்டு முகவரிக்கு அனுப்பிடுவோம் சார்."

மணி நான்கு. தாழ்வாரத்தில் உட்கார அனுமதியில்லை என்று ஒரு பணியாள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஜன்னல்காரர் அறைக்குள் போய், மெழுகுவத்தியை அணைத்து, படுக்கை விரிப்பைப் பூவோடு சுருட்டி வெளியே போட்டார். அன்னங்களையும் போட்டார். ஆனால் வாசனையை எப்படிச் சுருட்டுவது? மனைவி கட்டிலின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் தரையிலிருந்து பொறுக்கி எடுக்கிறவள் மாதிரி எடுத்தாள். தோள்பட்டை ஏறி இறங்கியது. மருந்தை இனி ஆறு மணிக்கு முன் எடுக்கக் கூடாது. நாளைய டெஸ்ட் கண்முன்னே கைநழுவிப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தாம் தொட்ட ஒரு கட்டத்தால்தான் இவளுக்கு இப்படியாயிற்று.

கை போன போக்கில் திரையை விலக்கினார்.

பின்னால் கடலும் படகும் அச்சடித்த ஒரு படம், சுவர் அகலத்துக்கு. வேறொருவராக இருந்தால் திரையை மூடியிருப்பார். இவர் படத்தின் விளிம்பை நகத்தால் நெம்பினார். அடியில் பிளைவுட் பலகை. விரல் கணுவால் தட்டினார். சுவர்மேல் அடித்த பலகை 'தொப்' என்று சொல்லும். இது 'டொம்' என்றது. விளிம்பில் உள்ளங்கையை வைத்தார். நூலிழையாய்க் காற்று.

பன்னிரண்டு சன்ஷேடு. மங்கலான கண்ணாடி. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏம்மா, இதுக்குப் பின்னால ஜன்னல் இருக்கு."

அவள் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் அசைத்தாள், எதையாவது செய்யுங்கள் என்பதுபோல.

விரலளவு திருப்புளி ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். அதற்காக அவளிடம் அவர் வாங்கிய வசவுக்கு அளவில்லை. பலகையில் எட்டுத் திருகாணிகள், ஒற்றைக் கோடு வெட்டிய பழைய ரகம். ஒவ்வொன்றாகக் கழற்றினார். பலகை கையோடு வந்தது. பின்னால் நான்கடிக்கு மூன்றடி, இரட்டைக் கதவு, நல்ல மரம். கொக்கிமேல் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. திருப்புளியால் சுரண்டி, கீல் பக்கம் ஒரு தட்டுத் தட்டி, தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

திறந்தது.

எதிரே ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. தெருச் சத்தம் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் காற்று வந்தது. மனைவியைத் தாங்கி நாற்காலியோடு ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பத்து நிமிஷம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். தோள்பட்டை மெல்ல மெல்லத் தணிந்தது. அப்புறம் திரும்பினாள்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் முப்பது வருஷமா ஜன்னல் செஞ்சு குடுத்தீங்க, எனக்குன்னு ஒண்ணைத் தொறந்துவிட்டது இன்னிக்குத்தான், அதுவும் அடுத்தவன் கட்டடத்து ஜன்னல்."

இடையில் எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் சொன்னாள். எத்தனை மாதமாயிற்று அவள் இத்தனை நீளமாக அவரைக் குத்திக்காட்டி! ஜன்னல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுண்ணாம்புத் தூசி" என்றார்.

தாழ்வாரத்தில் கிடந்த அன்னங்களைப் பற்றிப் புகார் போயிருக்க வேண்டும். கதவைத் தட்டிக்கொண்டு மேலாளரே வந்துவிட்டார். ஜன்னலைப் பார்த்தார். கழற்றிய பலகையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தால், அவர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி கைகட்டி நின்றார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க சார்."

"இருந்த ஜன்னலைத் தொறந்தேன். அதை ஏங்க பலகை அடிச்சு மூடிவெச்சிருக்கீங்க?"

"சொல்றேன் சார், நீங்க தொழில் தெரிஞ்சவர், உங்களுக்குப் புரியும். முன்னாடி எங்க ஹோட்டல்ல எல்லா அறைக்கும் ஜன்னல் இருந்துச்சு. ஒரு விருந்தினராவது ஜன்னலுக்காக நன்றி சொன்னாரா? சொல்லலை. எல்லாருக்கும் இருந்தா அதை யாரு ஜன்னல்னு மதிப்பாங்க? சுவத்துல ஓட்டைன்னு போயிடுவாங்க. ஒரு மாடியை மூடினோம். மறுவாரமே மத்த மூணு மாடிக்கும் 'ஜன்னல் அறை'ன்னு பேர் வந்துடுச்சு. நாங்க ஒரு செங்கல் கூட வைக்கலை சார், ஆனா முப்பத்தாறு உயர்தர அறை உருவாயிடுச்சு. காத்தை நாங்க நிறுத்தலை. அதுக்கு ஒரு தரம் குடுத்தோம்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூச்சுக்குமா தரம்?" என்றாள்.

"மூச்சு உங்களோடது மேடம், அதுல நாங்க தலையிட மாட்டோம். காத்து மட்டும்தான் எங்களோடது." மேலாளர் கையிலிருந்த குறிப்பேட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "இப்ப என்ன சிக்கல்னா, இந்த நிமிஷத்துலேர்ந்து இது ஜன்னல் அறை. ஜன்னல் அறையில தங்கற தகுதி உங்களுக்கு இல்லை. உங்களை இங்க விட்டுவெச்சா அது நான் பண்ற தப்பு. அதனால விதிப்படி ஜன்னல் இல்லாத ஒரு அறைக்கு உங்களை மாத்தணும்."

"நாளைக்குக் காலையில அவளுக்கு டெஸ்ட்டுங்க. நீங்களே பாக்கறீங்க, இப்பத்தான் பேச்சே வந்திருக்கு."

"பாக்கறேன் சார். ரொம்ப சந்தோஷம். இதைத்தான் நாங்க அனுபவம்னு சொல்றோம்" என்றார் மேலாளர். பிறகு திருப்புளியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விருந்தினர் பொருள் ஒன்று, இரும்பு, பிடி மஞ்சள் நிறம் என்று ரசீது எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். போகும்போது நாளைக் காலை வாங்கிக்கொள்ளலாம் என்றார். இரண்டு பணியாட்கள் வந்து, ஜன்னலைச் சாத்தி, வரப்போகும் முழுக் கட்டணக்காரருக்காகக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

பதினைந்து தப்படிதான், நானூற்றுப் பதினொன்று. அதே வரிசை, அதே தெருப் பக்கம். ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மனைவியுமாக நடந்து கதவைத் திறந்தார் ஜன்னல்காரர்.

கட்டில் முழுக்க ரோஜா இதழ். நான்கு மூலையிலும் மெழுகுவத்தி. புதிதாய் முறுக்கிய இரண்டு அன்னங்கள். ரத்துப் படிவம் பரிசீலனையில் இருப்பதால் அவர்கள் இன்னும் தேனிலவுத் தம்பதிதானே! வாசனை பாய்ந்து வந்தது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தோள்பட்டை மறுபடி ஏறத் தொடங்கியது. ஜன்னல்காரர் விரிப்பைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சரியாக ஐந்தரை மணிக்கு ஒரு பணியாள் தள்ளுவண்டியோடு எதிரே நின்றான்.

"இனிய தொடக்கம் சார்!"

வெள்ளைக் கேக். அதன்மேல் சர்க்கரையில் செய்த ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண். பக்கத்தில் சிவப்பு நாடா கட்டிய கேக் வெட்டும் கத்தி. பணியாள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பூச்சுருட்டை வாங்கிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஜன்னல்காரர் திரையை விலக்கினார். கடலும் படகும். படத்தின் ஓரத்தை நெம்பினார். பிளைவுட். எட்டுத் திருகாணி, ஒற்றைக் கோடு. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ரசீது மட்டும் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் நாடா அவிழும் ஓசை கேட்டுத் திரும்பினார். மனைவி கேக் கத்தியை எடுத்து, அதன் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டையான, மழுங்கிய, கனமான நுனி. கத்தியைத் திருப்பிப் பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் பாய்ந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க... முதல்ல... கதவை... தாழ் போடுங்க."